அவளும் மறக்கக்கூடும்

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நம் ஆலயங்களில் அன்னையர் ஞாயிறாக நிலைத்துவிட்டது. 1908ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற ஊரின் மெதடிஸ்ட் ஆலயத்தில், அன்னா ஜார்விஸ் மறைந்த தன் தாயை நினைத்து ஒழுங்குசெய்த ஆராதனையிலிருந்து பரவிய வழக்கம் இது. அன்றைக்குத் தாய்மாருக்கு ஆளுக்கொரு பூ கொடுப்பார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள். பிரசங்கத்துக்குப் பெரும்பாலும் ஏசாயா 49ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தை எடுப்பார்கள். பால் குடிக்கும் பிள்ளையின் நினைவு ஒரு தாய்க்கு அற்றுப்போகுமா என்று கர்த்தர் கேட்கும் இடம் அது. அந்தக் கேள்வியைப் போதகர் நிறுத்தி வாசிக்கும்போது சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்து வருவதை மட்டும் சற்று விரைவாகக் கடந்துவிடுகிறோம். அங்கே கர்த்தர், அப்படி அற்றுப்போவதும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். தாய்க்கு அது நேரலாம், தனக்கு நேராது என்கிறார்.

தாயின் அன்பைத் தேவ அன்பின் சாயலாகக் காட்டும் வேதபகுதிகளில் இதைவிடப் பெயர்பெற்றது வேறில்லை. அந்தப் பகுதியே தாயன்புக்கு ஓர் எல்லை உண்டென்று சொல்லிவிட்டுத்தான் தேவனிடம் வருகிறது. அந்த எல்லையை நாம் கூச்சப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. தாயன்பு தேவனைக் காட்டுவதாக இருந்தால், அது பொங்கி வழியும் இடத்தில் மட்டும் அல்ல, அதன் பலம் தீர்ந்துபோகும் இடத்திலும் காட்டுகிறது. வேதாகமத்தின் தாய்மாரையும் திருச்சபை வரலாற்றின் தாய்மாரையும் நினைக்க நினைக்க இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

*

ஏசாயாவின் அந்த வார்த்தைகளை முதலில் கேட்டவர்கள் சாதாரண ஜனங்கள் அல்ல. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியப் படைகள் எருசலேமை இடித்துத் தீ வைத்தன. அதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முற்றுகை. வெளியிலிருந்து ஒரு படி தானியம் உள்ளே வரவில்லை. அந்த நாட்களின் பஞ்சத்தைப் புலம்பல் புத்தகத்தின் நான்காம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. நகரத்துப் பெண்கள் தாம் பெற்ற பிள்ளைகளைத் தம் கையாலேயே சமைத்தார்கள் என்று அது சொல்கிறது. அந்தப் பெண்களைக் கொடியவர்கள் என்று அது சொல்லவில்லை. இரக்கமுள்ளவர்கள் என்றே சொல்கிறது. இரக்கம் நிறைந்தவளையும் பசி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கண்ணால் பார்த்தவன் எழுதிய வரி அது. சமாரியாவின் முற்றுகையிலும் இதே கொடுமை நடந்ததை இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது.

இந்த நினைவோடுதான் சிறைப்பட்டவர்கள் பாபிலோனில் வாழ்ந்தார்கள். தேவன் எங்களை ஏன் மறந்துவிட்டார் என்று புலம்பல் கடைசி அதிகாரத்தில் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு மறுமொழியாக ஏசாயாவின் 49ஆம் அதிகாரம் ஒலிக்கிறது. அவர்கள் முன் போய், தாயைப் போல உங்களை நேசிக்கிறேன் என்று மட்டும் கர்த்தர் சொல்லியிருந்தால், அந்த வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? எருசலேமின் தெருவில் தாய்மை என்ன ஆனது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகவே கர்த்தர் அவர்களுடைய அனுபவத்தை மூடிப்போடாமல் பேசுகிறார். நீங்கள் கண்டது உண்மை, அதுவும் நடந்தது என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு அப்பால் தன் அன்பை வைக்கிறார். பஞ்சத்தாலும் பயத்தாலும் தீர்ந்துபோகாத அன்பு ஒன்று உண்டு என்பதே அங்கே சொல்லப்பட்ட நற்செய்தி.

*

தமிழ்ச் சமூகம் தாயைத் தெய்வமாக்கிப் பழகியது. ஔவையின் பெயரால் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த வரிகள் தொடங்கித் திரைப்பாடல்கள் வரை அவள் கோயிலாகவும் கடவுளாகவும் நிற்கிறாள். இதில் நன்றியுணர்வு இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தெய்வமாக்கப்பட்ட ஒருத்திக்கு எதற்கெல்லாம் அனுமதி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அவளுக்குக் களைப்பு வரக்கூடாது. சலிப்பு வரக்கூடாது. பிள்ளை அழும்போது அவளுக்கு எரிச்சல் வந்தால் அது குற்றம். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் மூழ்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மடியில் கிடக்கும் குழந்தையிடம் எந்த உணர்ச்சியும் எழாமல் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், தன் நிலையை யாரிடம் சொல்வாள்? பெற்ற தாய்க்கு அப்படி இருக்குமா என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொள்கிறாள். வைத்தியம் பார்த்தால் தீரக்கூடிய நோயைப் பாவம் என்று எண்ணிச் சுமக்கிறாள்.

கிறிஸ்தவம் இந்த இடத்தில் ஒரு விடுதலையைத் தருகிறது. தாய் தேவன் அல்ல. இயேசு இதில் தயக்கமே காட்டவில்லை. அவரைச் சுமந்த வயிற்றைப் பாக்கியம் என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தபோது, தேவனுடைய வார்த்தையைக் கேட்டு அதன்படி நடக்கிறவர்களே அதைவிடப் பாக்கியவான்கள் என்று திருத்தினார். தாயும் சகோதரரும் வெளியே காத்து நிற்கிறார்கள் என்று சொன்னபோது, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி இவர்களே என் தாய் என்றார். கேட்பதற்குக் கடுமையாக இருக்கும் வார்த்தைகள்தான். ஆனால் சிலுவையில் தொங்கியபடி, தன் தாயைத் தன் அன்புச் சீடனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிர் விட்டார். அவளைப் பீடத்தில் ஏற்றாதவர், அவள் இனி யார் வீட்டில் இருப்பாள் என்று கவலைப்பட்டார். தெய்வத்துக்கு அந்தக் கவலை தேவைப்படாது. மனுஷிக்குத் தேவை.

சாயல் என்பதற்குத் தன் ஒளி கிடையாது. வேறிடத்திலிருந்து வரும் ஒளியை அது வாங்கிக் காட்டுகிறது. எனவே சில நேரம் மங்கும். மங்கியதைக் கண்டு மூலம் அணைந்துவிட்டது என்று முடிவுசெய்ய வேண்டியதில்லை என்பதே ஏசாயா தரும் ஆறுதல்.

*

அப்படியானால் இந்தச் சாயலில் தெரிவது என்ன?

முதலில் தெரிவது, தகுதி பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் அன்பு. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் இஸ்ரவேலின் வட ராஜ்யம் அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஓசியா பேசினார். அவருடைய 11ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தன் ஜனத்தை வளர்த்த கதையைச் சொல்கிறார். கையைப் பிடித்து நடை பழக்கியது, குனிந்து உணவு ஊட்டியது. அங்கே தாய் என்ற பெயர் வரவில்லை. ஆனால் அந்த வேலைகளை அன்றாடம் செய்கிறவளுக்கு அது யாருடைய குரல் என்று தெரிந்துவிடும். நடை பழகும் பிள்ளை எந்த நன்மையும் செய்து அந்தக் கையைச் சம்பாதிக்கவில்லை. அதற்கு அந்தக் கை யாருடையது என்றுகூட நினைவிருக்காது. எப்பிராயீம் அதை அறியாமலே போனான் என்பதே அங்கே கர்த்தரின் துக்கம். தண்டிக்க வேண்டிய இடத்தில் அவர் உள்ளம் புரண்டு இளகுகிறது.

அடுத்து, சங்கீதம் 131. மூன்றே வசனங்கள் கொண்ட சிறு பாட்டு. அதைப் பாடுகிறவன் தன் ஆத்துமாவைத் தாயிடம் இருக்கும் பிள்ளையாகக் காண்கிறான். அந்தப் பிள்ளை பால் மறந்த பிள்ளை. பசிக்காகத் தாயிடம் வந்து ஒட்டும் பருவம் அதற்கு முடிந்துவிட்டது. இனி அவளிடமிருந்து அந்தப் பால் கிடைக்காது. கிடைக்காத பிறகும் அவள் மடியில் அமைதியாக இருக்கிறது. பெறுவதற்காக வந்தவன், இருப்பதற்காக வருகிறான். ஜெபத்தில் கேட்டது கிடைக்காமல் போன நாட்களிலும் தேவனிடம் தங்கியிருக்கக் கற்றுக்கொண்ட எவருக்கும் இந்தச் சங்கீதம் புரியும்.

*

ரிஸ்பாளைப் பற்றி நம் சபைகளில் பிரசங்கம் கேட்டது மிகக் குறைவு. இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் அவள் வருகிறாள். சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. சவுல் கிபியோனியருக்குச் செய்த கொலைபாதகத்தால் தேசத்தில் மூன்று ஆண்டு பஞ்சம் வந்தது என்றும், அதற்கு ஈடாகக் கிபியோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்டார்கள் என்றும் கதை போகிறது. தாவீது கொடுத்தான். ஏழு பேரில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் அவர்களை மலையில் தூக்கிலிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரிஸ்பாள் ஒரு ரட்டுத் துணியை எடுத்துப்போய்ப் பாறையின்மேல் விரித்தாள். வானத்திலிருந்து மழை விழும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் காட்டுமிருகங்களை விரட்டினாள். தன் இரு பிள்ளைகளோடு மற்ற ஐவரின் உடல்களும் அங்கேதான் கிடந்தன. அவற்றையும் சேர்த்தே காத்தாள். வேதாகமம் அவள் வாயில் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. தீர்ப்பு கொடுத்த ராஜாவை எதிர்க்க அவளுக்குப் படையில்லை. இறந்தவர்களை எழுப்ப அவளுக்கு வல்லமை இல்லை. அவளால் செய்ய முடிந்தது, பிள்ளைகளின் உடல்கள் மனித உடல்கள்தான் என்று உலகத்துக்குத் தன் இருப்பால் காட்டியது மட்டுமே.

அந்தச் செய்தி தாவீதை எட்டியது. அதன் பிறகே அவன் யாபேஸ் கீலேயாத்துக்குப் போய்ச் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவந்தான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தார்கள். முறைப்படி அடக்கம் நடந்தது. தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டருளினார் என்று அதிகாரம் அதற்குப் பிறகு சொல்கிறது. ஏழு பேர் தூக்கிலிடப்பட்ட இடத்தில் அந்த வாக்கியம் வரவில்லை. ஒரு தாயின் காவல் ராஜாவின் மனசாட்சியை அசைத்து, இறந்தவர்களுக்கு மரியாதை கிடைத்த பிறகு வருகிறது. பலியைக் கேட்ட நீதிக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணே தேவனுடைய உள்ளத்துக்கு அருகில் இருந்தாள் என்று நான் இதை வாசிக்கிறேன்.

சாலொமோனின் தீர்ப்பில் வரும் தாயையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். பிள்ளையை இரண்டாக வெட்டுங்கள் என்று ராஜா சொன்னவுடன், உரிமை கேட்ட மற்றவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறியவள் அவள். ரிஸ்பாள் விடாமல் பற்றினாள். இவள் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று தன் உரிமையையே விட்டாள். தேவனுடைய அன்பில் இந்த இரண்டும் உண்டு. மரணத்திலும் விடாத பிடிவாதம் உண்டு. கெட்ட குமாரன் பங்கைக் கேட்டபோது பிரித்துக் கொடுத்து அனுப்பும் விட்டுக்கொடுத்தலும் உண்டு.

*

விட்டுக்கொடுக்க நேர்ந்த இன்னொரு தாய் மோனிக்கா. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊர்க்காரி. அவள் மகன் அகஸ்டின் மணிக்கேய மதத்தில் சேர்ந்து போனபோது ஆண்டுக்கணக்காக அழுது ஜெபித்தாள். 383இல் அகஸ்டின் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்பட்டார். தாய் விடமாட்டாள் என்பதால் பொய் சொல்லி ஏமாற்றினார். துறைமுகத்துக்கு அருகே சிப்ரியானின் நினைவாலயத்தில் அவள் இரவெல்லாம் ஜெபத்தில் இருந்தபோது கப்பல் போய்விட்டது. விடிந்ததும் கரையில் நின்று அவள் அழுததை மகனே பின்னாளில் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதினார். அன்றிரவு அவள் கேட்டது மகன் போகக்கூடாது என்பதை. அதைத் தேவன் தரவில்லை. அவள் எப்போதும் கேட்டுவந்ததைத் தருவதற்காகவே அன்று கேட்டதைத் தராமல் விட்டார் என்று அகஸ்டின் புரிந்துகொண்டார். இத்தாலிக்குப் போனதால்தான் அவர் மிலானில் ஆயர் அம்புரோஸைச் சந்தித்தார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அவரிடமே ஞானஸ்நானம் பெற்றார்.

பின்னாலேயே கடல் கடந்து வந்த மோனிக்கா அதைக் கண்டாள். அதே ஆண்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில், 56ஆம் வயதில் இறந்துபோனாள். மோனிக்காவின் அன்பில் மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஆசையும் கலந்திருந்தது என்பதை அகஸ்டின் மறைக்கவில்லை. மிகச் சிறந்த தாயின் ஜெபமும் தன் பிள்ளைக்கு எது நல்லது என்பதை முழுவதும் அறிந்திருக்கவில்லை. அவள் கண்ணீர் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது; அவள் நினைத்த வழியில் சேரவில்லை.

*

தாயன்பிலிருந்து தேவ அன்பை நோக்கி மிகத் தூரம் நடந்து போனவர் என்று நான் கருதுவது இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஜூலியனை. 1342 வாக்கில் பிறந்தவர். 1349இல் கொள்ளைநோய் அந்த நகரத்துக்கு வந்தபோது அவர் சிறுமி. 1361இல் அது மீண்டும் வந்து பிள்ளைகளை அதிகமாக வாரிக்கொண்டு போனது. பிள்ளைகளைப் புதைக்காத தெருவே இல்லை என்ற காலத்தில் வளர்ந்த பெண் அவர். 1373 மே மாதத்தில், முப்பது வயதில், சாகும் தறுவாயில் கிடந்தார். குருவானவர் சிலுவையை அவர் கண்முன் பிடித்திருந்தார். அந்தச் சிலுவையில் அவர் காட்சிகளைக் கண்டார், மொத்தம் பதினாறு. பிழைத்தெழுந்தபின் அவற்றை எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் முதலாவது அது.

அந்த நூலுக்குச் சிறிய வடிவம் ஒன்றும், இருபது ஆண்டுகளுக்கு மேல் தியானித்த பின் எழுதிய பெரிய வடிவம் ஒன்றும் உண்டு. சிறிய வடிவத்தில் ஜூலியனின் சொந்தத் தாய் வருகிறார். கட்டிலருகே நின்ற அவர், மகள் இறந்துவிட்டாள் என்று நினைத்து, கண்களை மூடிவிடக் கையை உயர்த்துகிறார். மகளோ அந்த நேரத்தில் சிலுவையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கை தன் பார்வையை மறைத்துவிடுமே என்று அவளுக்குத் துயரம் கூடுகிறது. பெற்றவள் அன்போடு செய்ய முடிந்த கடைசிக் காரியம் கண்ணை மூடுவது. உயிரோடிருக்கும் மகளுக்கு அது தடையாகிறது.

பெரிய வடிவத்தில் இந்தக் காட்சி இல்லை. சிறிய வடிவத்தில் இல்லாத ஒன்று அங்கே விரிகிறது. கிறிஸ்துவே நம் தாய் என்று ஜூலியன் அதிகாரம் அதிகாரமாக எழுதுகிறார். தாய் பாலூட்டுகிறாள், இவர் நற்கருணையில் தம்மையே ஊட்டுகிறார். தாய் பிள்ளையைச் சில நேரம் விழ விடலாம். இவர் விழ விட்டாலும் அழிய விடுவதில்லை. அவருக்கு முன்பே, 1109இல் மறைந்த கான்டர்பரி பேராயர் அன்செல்ம், குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழியோடு இயேசு தம்மை ஒப்பிட்டதைப் பற்றிக்கொண்டு, அவரைத் தாயே என்று அழைத்து ஜெபித்திருக்கிறார். ஜூலியன் அதை ஒரு முழுச் சிந்தனையாக வளர்த்தார். கட்டிலருகே நின்ற அந்தத் தாயை அவர் மறந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கை நின்றுபோன எல்லையிலிருந்து, நின்றுபோகாத ஒரு தாய்மையை அவர் தேடிக் கண்டார் என்று நினைக்கிறேன்.

*

பெறாதவர்களிடமும் இந்தச் சாயல் விழும் என்பதற்கு நெல்லைச் சீமையே சாட்சி. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901இல் கோவிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அதிலிருந்து டோனாவூரில் பிள்ளைகள் பெருகினார்கள். தொடக்க ஆண்டுகளில் கைக்குழந்தைகள் பலரை நோய்க்குப் பறிகொடுத்தார். 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். திருமணம் செய்யாத அந்தப் பெண் தன் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை அங்கே வைத்து, அவரைத் தாயாக அழைத்த பெயரை மட்டும் பொறித்தார்கள். தாய்மை ரத்தத்தின் சொத்தாக மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. மேலிருந்து வருவதால்தான், அது விழும் இடம் யாருடைய நெஞ்சாகவும் இருக்க முடிகிறது.

*

கடைசி இரவுணவில் இயேசு தமக்கு நேரப்போவதைச் சீடர்களுக்குப் புரியவைக்க, பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் காட்டினார். அவளுடைய நேரம் வந்துவிட்டது, அதனால் துக்கப்படுகிறாள், பிள்ளை பிறந்தபின் அந்த வேதனையை நினைப்பதில்லை. யோவான் 16ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. மறுநாள் சிலுவையருகே மரியாள் நின்றாள். அவளால் ஓர் ஆணியையும் பிடுங்க முடியவில்லை. அந்தத் துயரத்தை வீரமாமுனிவர் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’யாகத் தமிழில் பாடினார். மகனை இழந்து புலம்பும் தாயைத் தமிழ் நன்றாக அறியும். மரியாளின் தாய்மை கையாலாகாமல் நின்ற அதே இடத்தில், சிலுவையில் தொங்கியவர் உலகத்தைப் பெற்றெடுக்கும் வேதனையில் இருந்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசம்.

ஆகவே அன்னையர் ஞாயிறு நம் ஆலயங்களில் வேறுவிதமாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தச் சபையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருக்கிறாள். கருவுறாதவள் இருக்கிறாள். வறுமையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தவள் இருக்கிறாள். தாயால் கைவிடப்பட்டு வளர்ந்தவன் கடைசி வரிசையில் இருக்கிறான். தாயன்பின் நிறைவை மட்டும் புகழ்ந்தால் இவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஏசாயாவின் வசனத்தை இரண்டாம் பாதியோடு சேர்த்து வாசித்தால் இவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

இன்னும் சில வசனங்கள் தள்ளிப் போனால் அதே அதிகாரம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. கர்த்தர் பேசிக்கொண்டிருப்பது சீயோனிடம். அந்தச் சீயோன் அங்கே பிள்ளைகளை இழந்த தாயாக நிற்கிறாள். திரும்பி வரும் கூட்டத்தைப் பார்த்து, நானோ பிள்ளையற்றுப் போனேன், இவர்களை எனக்குப் பெற்றுக் கொடுத்தது யார் என்று திகைக்கிறாள். அப்படியென்றால் நாம் ஆண்டுதோறும் தாய்மாரைப் புகழ எடுக்கும் வசனம், முதலில் ஒரு தாயிடமே சொல்லப்பட்டது. காக்க முடியாமல் போனவளிடம், நினைவும் பலமும் தீர்ந்துபோனவளிடம், நீ மறந்திருந்தாலும் உன்னை நான் மறக்கவில்லை என்று சொல்லப்பட்டது. தாய்மாருக்குப் பூவோடு சேர்த்து நாம் கொடுக்க வேண்டியது இந்தச் செய்தியைத்தான். அவர்கள் தேவனாக இருக்க வேண்டியதில்லை. அவர்களும் அவருடைய பிள்ளைகள்.